குடும்பத்துடன் வருக

ஓர் ஆட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று வினாக்களையே கேட்பர். ஆடியவர் யார்? வென்றவர் யார்? எத்துணைக் கணக்கில் வென்றனர்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் ஏடு நிறைந்துவிடும். ஆனால் ஆடுகளத்தின் நான்கு கரைகளிலும் நின்றும் இருந்தும், ஏங்கியும் ஆர்த்தும், அவ்வாட்டத்துக்கு உயிரூட்டியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலர். இன்று அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். அவர்களுள்ளும் சிறப்பாக, கணவனும் மனைவியுமாய், வீட்டாரும் சுற்றத்தாருமாய் ஆட்டம் காணச் சென்றவர்களைப் பற்றிப் பேசுவேன். இது சிறுபொருள் போலத் தோன்றலாம். ஆயினும் ஒரு சமுதாயம் தன் மகிழ்ச்சிக்கு எவரை அழைத்தது, எவரை வீட்டிலேயே இருத்திவிட்டு வந்தது என்பதை அறிய இதனினும் நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

நான் வாழும் ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. சாலையின் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கழுவெளி என்னும் பெரிய நீர்நிலையும், கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களும். வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் எங்கள் பக்கத்தில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் இவ்வூர் உப்பு அக்கால்வாய் வழியே படகேறிச் சென்னைக்குச் சென்றது.

இவ்வூரின் பழமை சிறிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடன் என்னும் குறுநில மன்னனைப் பாடுவது. அவன் நாட்டுப் பேரூர்களாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பவற்றை அது குறிக்கிறது. அவற்றுள் கடற்கரைப் பட்டினமாகிய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கிடங்கில் என்பது திண்டிவனத்தை அடுத்த கிடங்கல். ஆகவே எங்கள் கடற்கரையில் நின்று பழந்தமிழ் நூல்களைப் படிக்கும்போது, தொலைநாட்டுக் கதையைப் படிப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை. அடுத்த தெருவில் நடந்ததைக் கேட்பது போலவே இருக்கும்.

உப்பு வாணிகரைப் பழந்தமிழர் உமணர் என்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டிகள் நெடுவழியிற் செல்லும் காட்சி ஒன்று உண்டு. வண்டியின் முன்புறத்தில் ஊறுகாய்ப் பானை கயிற்றால் கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையுடன் அமர்ந்து எருதுகளை ஓட்டுபவள் யார்? உமணனுடைய மனைவி. ஆடவர் வண்டிகளின் பக்கத்தில் நடந்து வருகின்றனர். பொருள் தேடும் நெடுவழியில் மனைவி பின்தங்கவில்லை. வண்டியின் தலைப்பிலேயே இருந்தாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உழைப்பில் உடனிருந்தவள் விளையாட்டிலும் உடனிருந்தாளா? அதற்கும் அப்புலவரே விடை தருகிறார். அவர் பாடிய மற்றொரு நூல் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கக் கடலுக்குச் செல்லாமல், தம் மகளிரோடு கரையில் உண்டும் ஆடியும் மகிழ்ந்ததை அந்நூல் சொல்கிறது. கலித்தொகையின் முல்லைக்கலியிற் காளைகளைத் தழுவும் ஆட்டம் நடைபெறுகிறது. களத்தில் இறங்குவோர் இளைஞர். ஆனால் ஆயர் மகளிர் உயர்ந்த இடங்களில் நின்று அதனைக் காண்கின்றனர். காண்பதோடு நில்லாமல் மதிப்பிடவும் செய்கின்றனர். எவன் அஞ்சினான், எவன் அஞ்சவில்லை என்னும் தீர்ப்பு அவர்கள் வாயிலிருந்தே பிறக்கிறது. பரிபாடலில் வையைக்குப் புதுப்புனல் வரும்போது மதுரை மாநகரமே ஆற்றை நோக்கிப் புறப்படுகிறது. மைந்தரும் மகளிரும் ஒருங்கே நீராடுகின்றனர்.

இவையெல்லாம் இன்ப நிகழ்ச்சிகள். துன்பத்தில் முடிந்த விளையாட்டு விழா ஒன்றும் உண்டு. காவிரிக் கரையில் கழார் என்னும் ஊர்த் துறையில் புனல் விழா நடைபெற்றது. சோழன் கரிகாலன் தன் சுற்றத்தாரோடு அமர்ந்து அதனைக் கண்டான் என்று அகநானூறு கூறும். ஆட்டத்தில் வல்லவனாகிய ஆட்டனத்தி நீரில் ஆடினான். காவிரி அவனை இழுத்துச் சென்றது. அவன் மனைவி ஆதிமந்தி கரை நெடுகத் தேடி அலைந்தாள். ஆதிமந்தியார் பாடிய பாடல் ஒன்று குறுந்தொகையில் இன்றும் இருக்கிறது. தமிழில் விளையாட்டு விழா ஒன்றின் நினைவை நமக்குக் காத்துத் தந்தவருள், ஆடியவனுடைய மனைவியும் ஒருத்தி என்பது எண்ணத்தக்கது.

பண்டைக் காலத்தில் எல்லாம் சமமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது வரலாறு ஆகாது. காளையைத் தழுவும் களத்தில் மகளிர் இறங்கவில்லை, கரையில்தான் நின்றனர். நான் கூறுவது இவ்வளவே: கரை அவர்களுக்கும் உரியதாய் இருந்தது. விழா என்றால் வீட்டுக்கு வீடு எல்லாரும் புறப்படுவது என்பதே பொருளாக இருந்தது.

இனிக் கால்பந்தாட்டத்துக்கு வருவோம். பந்தை உதைத்து ஆடுதல் பல நாடுகளிற் பழமையானதே எனினும், இன்று உலகெங்கும் ஆடப்பெறும் விதிமுறைகளுக்கு அடித்தளம் இட்டது 1863-ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய கால்பந்துச் சங்கம். ஆங்கிலப் படைவீரரும் அலுவலரும் அவ்வாட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். சிம்லாவில் 1888-இல் தூரந்து கோப்பைப் போட்டி தொடங்கியது. கல்கத்தாவில் 1893-இல் இந்தியக் கால்பந்துச் சங்கம் அமைந்தது; அதன் கேடயப் போட்டியும் அவ்வாண்டிலேயே பிறந்தது. தொடக்கத்தில் கேடயங்களைத் தூக்கிச் சென்றவை பெரும்பாலும் ஆங்கிலப் படைப்பிரிவுகளே. களமும் அவர்களுடையது, கரையும் அவர்களுடையதாகவே இருந்தது.

அந்தக் கரை மாறிய நாள் 1911-ஆம் ஆண்டு ஜூலை 29. அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியைக் கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் எதிர்த்தது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். முதலில் ஒரு கோல் வாங்கிய மோகன் பகான், சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் போட்ட கோல்களால் 2–1 என்று வென்றது. கூட்டம் 60,000 என்பாரும் 80,000 என்பாரும் உண்டு. வெளியூர்களிலிருந்து மக்கள் தனி இரயில்களிலும் நீராவிப் படகுகளிலும் வந்து குவிந்தனர். களத்தைக் காண இயலாமல் தொலைவில் நின்றவர்களுக்குக் கோல் கணக்கை அறிவிக்கக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டன. வானத்தைப் பார்த்து ஆட்டத்தின் போக்கை அறிந்துகொண்டது அக்கூட்டம். ஆடிய பதினொருவர் பெயரும் நூல்களில் உள்ளன. நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நின்ற பல்லாயிரவருள் எவர் பெயரும் நம் நினைவில் இல்லை. ஆனால் அவர்கள் வராது இருந்திருந்தால் அந்த வெற்றி ஒரு கழகத்தின் வெற்றியாக மட்டும் நின்றிருக்கும். ஒரு நாட்டின் வெற்றியாக அதனை ஆக்கியவர் பார்வையாளரே.

கல்லூரி மாணவர்களாகிய உங்களுக்கு மற்றொரு செய்தியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே முதன்முதல் நடைபெற்றதாகக் கருதப்படும் கால்பந்தாட்டம் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுதல் கூடாது. ரட்கர்ஸ் 6–4 என்று வென்றது. பார்த்தவர் ஏறத்தாழ நூறு பேர்தான். ரட்கர்ஸ் மாணவர்கள் தம் அணியினரை அடையாளம் காட்டச் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டனர். நம் நாட்டுத் திருவிழாவில் தேர் இழுப்போர் தலையிற் கட்டும் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தார் என்பதைக் காட்ட ஒரு நிறத்தைத் தலையில் ஏற்றும் வழக்கத்துக்குக் கடல் தடையாக இருந்ததில்லை.

அந்நாட்டுக் கல்லூரி ஆட்டம் பின்னர் கையில் பந்தெடுத்து ஓடும் வேறோர் ஆட்டமாக மாறிற்று. பெயர் மட்டும் கால்பந்தாகவே நின்றது. அதனைச் சுற்றி ஒரு விழாவும் வளர்ந்தது. பழைய மாணவர் ஆண்டுக்கொரு முறை மனைவி மக்களுடன் கல்லூரிக்குத் திரும்பி வந்து ஆட்டம் காண்பது அவ்விழா. ஆட்டத்துக்கு முந்திய மாலையில் அனைவரும் கூடிப் பாடி, ஆடுவோரை அறிமுகம் செய்து வாழ்த்துவர். இவ்விழாவை முதலில் தொடங்கியது நாங்களே என்று வழக்காடும் பல்கலைக்கழகங்கள் பல. பேலர் 1909 என்கிறது; இல்லினாய் 1910 என்கிறது; மிசௌரி 1911 என்கிறது. கல்கத்தாவில் காற்றாடி பறந்த அதே 1911. எந்த ஊர் முந்தியது என்பது நமக்கு முக்கியமன்று. ஆட்டத்தைக் காண அழைக்கும்போது வீட்டாரையும் சேர்த்து அழைத்தனர் என்பதே முக்கியம். ஒருவன் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னும் கல்லூரி அவன் குடும்பத்தின் உடைமையாயிற்று.

எல்லா இடத்திலும் அழைப்பு அவ்வாறு பரந்ததாக இல்லை. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்னும் நகரத்துக் கழகம் 1885-இல் மகளிர்க்குக் கட்டணமின்றி அனுமதி உண்டு என்று அறிவித்தது. சிலர் வருவர் என்று எதிர்பார்த்தனர். ஏறத்தாழ 2,000 மகளிர் வந்தனர். அதன் பின் அச்சலுகை நிறுத்தப்பட்டது. மகளிர்க்குக் கால்பந்தில் விருப்பம் இல்லை என்று கூறுவோர்க்கு அந்த ஒரு பிற்பகலே விடை.

அதே பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில், முதல் உலகப் போர்க் காலத்தில் வேலை செய்த மகளிர் தமக்கென ஓர் அணி அமைத்தனர். டிக் கெர் மகளிர் அணி என்பது அதன் பெயர். 1920 டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூலில் அவ்வணி ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். கூடிய பணம் அறத்துக்குச் சென்றது. ஓராண்டு கழிவதற்குள், 1921 டிசம்பர் 5-இல், கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் களங்களில் மகளிர் ஆடக் கூடாது என்று தடை விதித்தது. இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்பது கூறப்பட்ட காரணம். அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஈரான் நாட்டில் 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், ஆடவர் ஆடும் கால்பந்தாட்டத்தைக் களத்தில் வந்து காண்பதும் மகளிர்க்கு மறுக்கப்பட்டது. 2019 அக்டோபர் 10-இல் தெஹ்ரான் நகரில் கம்போடியாவுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில்தான், பல பத்தாண்டுகளுக்குப் பின் மகளிர் தாமே நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கினுள் அமர்ந்தனர். அன்று ஈரான் 14 கோல்கள் போட்டது. அதனை உலகம் இன்று பெரும்பாலும் மறந்துவிட்டது. அரங்கின் ஒரு பகுதியில் ஆர்த்து நின்ற பெண்களை மறக்கவில்லை.

இவை சட்டத்தாலும் ஆணையாலும் எழுந்த தடைகள். எழுதப்படாத தடை ஒன்றும் உண்டு. அதனை நான் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் கண்டேன். என் மனைவியார்தான் அதனைக் காணச் செய்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரக் கல்லூரி ஒன்றில் கல்லூரிகளுக்கிடையேயான கால்பந்துப் போட்டி நடக்கவிருந்தது. அதற்கு முந்திய மாலையில் ஆதரவாளர் கூட்டம் ஒன்றை மாணவர் ஏற்பாடு செய்தனர். எங்கள் தெரு இளைஞன் ஒருவன் அவ்வணியில் ஆடுபவன். அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தான். ‘குடும்பத்துடன் வருக’ என்று அதில் அச்சிட்டிருந்தது. வாங்கிப் படித்த என் மனைவி, “உன் அம்மாவுக்குக் கொடுத்தாயா?” என்று கேட்டார். அவன் சற்றுத் தயங்கி, “அம்மா அங்கெல்லாம் வரமாட்டாங்க, அத்தை” என்றான். “கூப்பிட்டுப் பார்த்தாயா?” என்பது அடுத்த கேள்வி. அவன் விடை கூறவில்லை.

அவன் தாயார் உப்பளத்தில் வேலை செய்பவர். உப்பளத்து வேலையைப் பற்றி நகரத்து மாணவர்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். மழைக்காலம் கழிந்ததும் பாத்திகளின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தித் தளம் அமைப்பர். பின்னர் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிடுவர். நீர் வற்ற வற்ற உப்புப் பூக்கும். அதனைப் பலகையால் இழுத்து வரப்பிற் குவித்துக் கூடையிற் சுமந்து மேட்டில் சேர்ப்பர். வெயில் ஏறினால் வெண்மையின் ஒளி கண்ணைப் பறிக்கும். உப்புநீர் காலின் வெடிப்பில் எரியும். ஆகவே இருள் பிரியுமுன் களத்தில் இறங்கி, முற்பகலில் வேலையை முடித்துவிடுவர். மாலையில் அந்த அம்மையாருக்கு ஓய்வு உண்டு. கல்லூரிக்குப் பேருந்தும் உண்டு. மகனிடத்தில் அன்புக்கும் குறைவில்லை. இருந்தும் மூன்றாண்டுகளாக அவன் ஆடியதை அவர் ஒரு முறையும் கண்டதில்லை. தடுத்தவர் எவரும் இல்லை. அழைத்தவரும் எவரும் இல்லை. கல்லூரி என்பது படித்தவர் இடம், களம் என்பது ஆண்பிள்ளைகள் இடம் என்று அவரும் எண்ணினார், மகனும் எண்ணினான். என் மனைவி உப்பளத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர். அந்த எண்ணம் எவ்வளவு வலியது என்பது அவருக்குத் தெரியும். அவர் நேரே அவ்வீட்டுக்குச் சென்று, “நானும் போகிறேன், எனக்குத் துணைக்கு வா” என்று கேட்டார். ‘உன் மகனைப் பார்க்க வா’ என்று அழைத்திருந்தால் அந்த அம்மையார் மறுத்திருக்கக்கூடும். துணைக்கு வா என்று கேட்டதனால் மறுக்க இயலவில்லை.

மூவருமாகச் சென்றோம். மாணவர் பறை முழக்கினர். நீலத் துணியைக் கிழித்து நெற்றியிற் கட்டியிருந்தனர். ஆடுவோரை ஒவ்வொருவராக மேடையேற்றி, பெயரையும் ஊரையும் சொல்லி ஆர்த்தனர். எங்கள் தெரு இளைஞனின் முறை வந்தபோது ‘மரக்காணம்’ என்று ஊர்ப்பெயர் ஒலித்தது. அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். அசைத்த கை பாதியில் நின்றது. முன்வரிசையில் தன் தாய் அமர்ந்திருப்பதை அப்போதுதான் கண்டான். அந்த அம்மையார் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நிமிர்ந்து அமர்ந்தார்.

மறுநாள் ஆட்டத்துக்கும் சென்றோம். முற்பகுதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. எங்கள் பக்கத்து இளைஞர் பலரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓட, நடுவில் வெற்றிடம் உண்டாயிற்று. அதன் வழியே பந்து வந்தது. ஏன் அவ்வாறு நேர்ந்தது என்று நான் ஏதோ விளக்க முயன்றேன். அந்த அம்மையார் தாமே சொன்னார்: “வரப்பு ஒடஞ்சா எல்லாரும் ஒடைப்புக்கே ஓடக் கூடாதுங்க. ஒருத்தர் மடையில நிக்கணும்.” கால்பந்து விதிகளைப் பற்றி ஒரு வரியும் படித்திராதவர் அவர். ஆயினும் காவல் ஆட்டத்தின் கருத்தை இதனினும் தெளிவாக நான் எந்த நூலிலும் கண்டதில்லை. முல்லைக்கலி மகளிர் கரையில் நின்று கூறிய தீர்ப்புகள் எனக்கு நினைவுக்கு வந்தன. எங்கள் கல்லூரி அன்று 1–0 என்று தோற்றது. இளைஞன் தலைகுனிந்து வந்தான். தாயார் அவனிடம் கோலைப் பற்றிப் பேசவில்லை. காலைத் தூக்கச் சொல்லி அடிபட்ட இடத்தைப் பார்த்தார், பிறகு, “அடுத்த ஆட்டம் எப்போ?” என்று கேட்டார்.

மாணவ நண்பர்களே, அந்தக் கேள்வியில் வரலாறு அடங்கியிருப்பதாக நான் எண்ணுகிறேன். ஒருவர் முதன்முறை வருவது விருந்தாளியாக. அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்கும்போது அவர் அக்கரைக்கு உரியவர் ஆகிவிடுகிறார். கரைக்கு உரியவர் ஆனவர், காலப்போக்கில் களத்துக்கும் உரியவர் ஆவர். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

1979-ஆம் ஆண்டுக்குரிய மகளிர் ஆசியக் கால்பந்துப் போட்டி 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடைபெற்றது. இந்திய மகளிர் இறுதி ஆட்டம் வரை சென்று இரண்டாம் இடம் பெற்றனர். அதன் பின் நெடுங்காலம் மகளிர் கால்பந்து என்றால் மணிப்பூர் என்பதே வழக்காயிற்று. தேசிய வாகைப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்றது அம்மாநிலம். 2018 பிப்ரவரியில் கட்டக் நகரில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டு மகளிர் அணி அந்த மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2019-இல் மதுரையைச் சார்ந்த சேது அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023-இல் தமிழ்நாட்டு மகளிர் மீண்டும் தேசிய வாகையர் ஆயினர். இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடிப் புகழ்பெற்ற இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டுக் காவல் துறையிலும் பணியாற்றியவர். கடலூர் எங்கள் கரையின் தொடர்ச்சியே. புதுச்சேரியைத் தாண்டித் தெற்கே சென்றால் அடுத்து வருவது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் தாக்கியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இதே கரைப் பெண்மக்கள் பந்தை உதைத்து நாடெங்கும் பெயர் பெற்றனர்.

இவ்வெற்றிகளைப் பற்றி எழுதுவோர் பயிற்சியாளரைக் குறிப்பர், ஆடியவரைக் குறிப்பர். அது முறையே. ஆனால் ஒரு சிற்றூரில் மகளைக் கால்சட்டை அணிந்து களத்துக்கு அனுப்ப ஒரு தாயும் தந்தையும் இசைய வேண்டுமானால், அதற்கு முன்னரே அவர்கள் களத்தின் கரையில் நின்று பழகியிருத்தல் நலம். தாம் அறியாத இடத்துக்கு எவரும் தம் மக்களை எளிதில் அனுப்புவதில்லை. கணவன் மட்டும் ஆட்டம் கண்டு வந்து வீட்டிற் சொன்னால் அது கதை. மனைவியும் உடன் கண்டால் அது இருவருக்கும் பொதுவான அறிவு. அந்த வீட்டில் பெண் பிள்ளை பந்தைக் கேட்கும்போது விடை வேறாக இருக்கும்.

உங்களுள் பலர் கல்லூரியில் விழாக் குழுக்களில் இருப்பீர்கள். ஆட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சிடுவீர்கள். ‘குடும்பத்துடன் வருக’ என்ற தொடரை அச்சகத்தார் கேளாமலே சேர்த்துவிடுவர்; அது நம் நாட்டு வழக்கம். அத்தொடரை மெய்யாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. முன்வரிசையில் சில இருக்கைகளை ஆடுவோரின் பெற்றோர்க்கு ஒதுக்குங்கள். பெண்கள் அமரும் இடத்தைக் களம் தெரியாத மூலையில் அமைக்காதீர்கள். கழிவறையும் குடிநீரும் உண்டா என்று முன்னதாகப் பாருங்கள். இவை இல்லாமையால் வீட்டில் நின்றுவிட்ட பெண்களை எந்த ஏடும் கணக்கெடுத்ததில்லை. இருட்டுவதற்கு முன் பேருந்து கிடைக்கும்படி ஆட்டத்தின் நேரத்தை வையுங்கள். அழைப்பிதழைத் தந்தையின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், தாயின் பெயரையும் சொல்லி அழையுங்கள்.

வரலாற்று மாணவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்வேன். உங்கள் கல்லூரி ஆட்டங்களின் பழைய படங்கள் நூலகச் சுவரில் தொங்கும். அவற்றில் நடுவில் கோப்பையுடன் இருப்பவர்களின் பெயர்கள் கீழே எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை அப்படங்களுள் ஒன்றைக் காணும்போது, பெயர் எழுதப்படாத பின்வரிசையையும் ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். அங்கே யார் நிற்கின்றனர், யார் நிற்கவில்லை என்று எண்ணுங்கள். எந்த ஆண்டின் படத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணின் முகம் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியின் வரலாற்றில் அந்த ஆண்டும், கோப்பை வென்ற ஆண்டைப் போலவே, பொறித்து வைக்கத் தக்கது.